வெயிலில் உலரும் படுக்கையும் காசநோயும்: இராபர்ட் கோக்கின் வாழ்க்கை வழியே ஒரு விளக்கம்

நீங்கள் இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ வசிப்பவராயின், வெயில் ஏறியதும் மொட்டைமாடிகளில் காணும் காட்சி உங்களுக்குப் பழக்கமானதே. பாயும் போர்வையும் தலையணையும் குழந்தையின் துணிகளும் வெயிலில் விரிக்கப்பட்டிருக்கும். வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரியவந்தால், அவருடைய படுக்கையும் தட்டும் குவளையும் தனியே பிரிக்கப்பட்டு, அவையும் வெயிலுக்குச் செல்கின்றன. இவ்வழக்கத்தால் பயன் உண்டா? வெயில் உண்மையாகவே நோய்க்கிருமிகளைக் கொல்லுமா? கொல்லும் எனில், அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த இராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய மருத்துவரின் வாழ்க்கையில் இவ்வினாக்களுக்கு விடை உள்ளது. அவ்விடையோடு ஓர் எச்சரிக்கையும் உள்ளது. நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் இரண்டையும் அறிந்திருத்தல் நலம்.

கிராமத்து மருத்துவரின் ஆய்வுக்கூடம்

கோக் 1843 டிசம்பர் 11 அன்று ஹார்ஸ் மலைப்பகுதியில் உள்ள கிளவுஸ்தால் என்னும் சுரங்க நகரில் பிறந்தார். தந்தை சுரங்கத் துறை அலுவலர். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1866-இல் பட்டம் பெற்ற கோக், 1872-இல் வோல்ஸ்டைன் என்னும் சிற்றூரில் மாவட்ட மருத்துவர் ஆனார். இவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது.

அப்பகுதியில் ஆடுமாடுகளை அடைப்பான் நோய், அதாவது ஆந்த்ராக்ஸ், வாட்டி வந்தது. நோயாளிகளைப் பார்த்து முடித்த பின் எஞ்சிய நேரத்தில், தம் இல்லத்திலேயே நுண்ணோக்கியைக் கொண்டு கோக் அந்நோயை ஆராய்ந்தார். அக்கிருமி சூழல் பாதகமாகும்போது கடினமான உறை கொண்ட வித்தாக மாறுவதையும், அந்த வித்து நெடுங்காலம் உயிர்ப்புடன் இருப்பதையும் கண்டார். 1876-இல் இம்முடிவு வெளியாயிற்று. ஒரு குறிப்பிட்ட நோய்க்கு ஒரு குறிப்பிட்ட நுண்ணுயிரே காரணம் என்பது இதனால் உறுதிப்பட்டது.

இதில் உங்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. எல்லாக் கிருமிகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. சில கிருமிகள் உலர்ந்தவுடன் மடியும். சில கிருமிகள் வித்து நிலையில் வெயிலையும் வறட்சியையும் தாங்கும். ஆகவே, வெயிலில் வைத்துவிட்டோம், இனி எக்கிருமியும் இராது என்று பொதுவாக முடிவு செய்தல் பிழையாகும்.

போர்வைச் சுருளின் உள்ளே

1880-இல் கோக் பெர்லினில் உள்ள பேரரசின் சுகாதார அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டார். அக்காலத்தில் கிருமிநாசினி என்ற பெயரில் பல பொருள்கள் பயன்பாட்டில் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்த கோக், அவற்றுள் பல கிருமிகளைக் கொல்வதில்லை, வளர்ச்சியை மட்டுமே தடுத்து வைக்கின்றன என்று 1881-இல் எடுத்துக்காட்டினார்.

அதே ஆண்டில் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து வெப்பக் காற்றையும் நீராவியையும் ஒப்பிட்டார். 140 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள காற்றில் பல மணி நேரம் வைத்தபோதும், துணிச் சுருள்கள், தலையணைகள் போன்றவற்றின் உட்பகுதியை வெப்பம் போதிய அளவு எட்டவில்லை. மேற்பரப்பு சூடேறியது, உள்ளே இருந்த கிருமிகள் பிழைத்தன. நீராவியோ விரைவாக ஊடுருவி அவற்றை அழித்தது.

ஒளிக்கும் இதே விதி பொருந்தும். வெயில் படும் பக்கம் வேறு, மடிப்பின் உட்பக்கம் வேறு. மடித்த போர்வையையோ சுருட்டிய பாயையோ மாடியில் வைத்தால், வெளிப்புறம் மட்டுமே பயன்பெறும். விரித்து உலர்த்துங்கள்; பாதி நேரம் கழிந்ததும் திருப்பிப் போடுங்கள். இலவம்பஞ்சு மெத்தையின் உள்ளே ஒளி புகாது. வெயில் அதன் ஈரத்தைப் போக்கும். அதுவும் ஒரு நன்மையே.

1882 மார்ச் 24

அன்று மாலை பெர்லின் உடலியல் கழகக் கூட்டத்தில், காசநோய்க்குக் காரணமான கோல் வடிவக் கிருமியைக் கண்டறிந்துவிட்டதாகக் கோக் அறிவித்தார். அக்கிருமியைச் சாயமேற்றிப் பார்வைக்குக் கொணரவும், உடலுக்கு வெளியே வளர்க்கவும், விலங்குக்குச் செலுத்தி நோயை உண்டாக்கிக் காட்டவும் அவரால் இயன்றது. காசநோய் குடும்பப் பரம்பரையாக வருவது என்று பலர் நம்பிய காலம் அது. அந்த நாளின் நினைவாகவே ஆண்டுதோறும் மார்ச் 24 உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது.

காசநோய் சாபமன்று, குலக்குறையுமன்று, ஒரு கிருமியால் வருவது என்னும் செய்தி அன்றே உறுதியாயிற்று. உங்கள் வீட்டில் நோயுற்றவர் வெட்கப்படவோ மறைக்கவோ காரணம் ஏதுமில்லை.

கல்கத்தாக் குளமும் நோயாளியின் துணியும்

1883-இல் எகிப்தில் காலரா பரவியது. கோக் தலைமையில் ஜெர்மானியக் குழு ஒன்று அலெக்சாந்திரியாவுக்குச் சென்றது. அங்கு நோய் தணியத் தொடங்கியதும், குழு இந்தியாவை நோக்கிப் புறப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் கல்கத்தாவை அடைந்தது. 1884-இன் தொடக்கத்தில், காற்புள்ளி போல் வளைந்த காலராக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார் கோக். அக்கிருமியை இத்தாலிய மருத்துவர் பாசினி 1854-இலேயே நுண்ணோக்கியில் கண்டிருந்தார். ஆயினும் உலகம் அதைக் கவனிக்கவில்லை.

கல்கத்தாவில் ஒரு குளத்தைச் சுற்றி வாழ்ந்த மக்களிடையே காலரா பரவியது. குளிக்கவும் துவைக்கவும் குடிக்கவும் அவர்களுக்கு அக்குளமே இருந்தது. முதலில் இறந்த நோயாளியின் துணிகள் அதில்தான் அலசப்பட்டிருந்தன. குளத்து நீரில் அக்கிருமியைக் கோக் கண்டார். ஈரத் துணியில் அது வேகமாகப் பெருகுவதையும், முற்றாக உலர்ந்தால் விரைவில் மடிவதையும் அவர் பதிவு செய்தார்.

வயிற்றுப்போக்கு நோயாளியைப் பராமரிக்கும் உங்களுக்கு இதன் பொருள் தெளிவானது. அழுக்கான துணியை ஈரத்தோடு குவித்து வைக்காதீர்கள். குடிநீர்க் குடம் நிரப்பும் இடத்திலோ கைப்பம்பு அருகிலோ அலசாதீர்கள். கழிவைக் கழிப்பறையில் அகற்றிய பின் சோப்பிட்டுத் துவைத்து, இயன்றால் கொதிநீரில் ஊறவைத்து, விரித்து, ஈரம் சிறிதும் இன்றி உலர்த்துங்கள். பின் சோப்பினால் கை கழுவுங்கள். இங்கே வெயில் செய்யும் வேலை இரண்டு: ஒளியால் கிருமியைத் தாக்குகின்றது, ஈரத்தை அகற்றிக் கிருமியின் வாழ்விடத்தை இல்லாமற் செய்கின்றது. கடற்கரைப் பகுதியின் ஈரக்காற்றில் துணி காய்ந்தது போலத் தோன்றினும், தையல் ஓரங்களில் ஈரம் தங்கியிருக்கக்கூடும். தொட்டுப் பார்த்தே எடுங்கள்.

ஒரே உரையில் ஓர் உண்மையும் ஒரு பிழையும்

சூரிய ஒளி நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கும் என்பதை 1877-இல் இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளண்ட் என்னும் இருவர் சோதனையால் காட்டியிருந்தனர். காசநோய்க் கிருமியைப் பற்றிய விடையைக் கோக் 1890 ஆகஸ்டில் பெர்லினில் கூடிய பன்னாட்டு மருத்துவ மாநாட்டில் அளித்தார். நேரடி வெயிலில் அக்கிருமி, அது பரவியுள்ள படலத்தின் தடிப்புக்கு ஏற்ப, சில நிமிடங்கள் முதல் சில மணி நேரத்துக்குள் மடிகின்றது என்றும், சன்னலருகே விழும் சாதாரணப் பகல் வெளிச்சத்திலும் 5 முதல் 7 நாள்களில் மடிகின்றது என்றும் அவர் தெரிவித்தார்.

இது உண்மை. இதன் காரணத்தை இன்று நாம் மேலும் தெளிவாக அறிவோம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் கிருமியின் மரபுப் பொருளைச் சிதைக்கின்றன. கிருமியினுள் அதற்குக் கேடு விளைவிக்கும் ஆக்சிசன் வடிவங்களையும் உண்டாக்குகின்றன. சன்னல் கண்ணாடி இக்கதிர்களில் வலிமை மிக்க பகுதியைப் பெரிதும் தடுத்துவிடும். ஆதலால் கண்ணாடியைத் திறந்து வைத்தலே சிறந்தது, காற்றோட்டமும் கிடைக்கும்.

அதே உரையில் கோக் மற்றொன்றையும் குறிப்பிட்டார். காசநோய்க் கிருமியை உடலுக்குள்ளேயே அடக்கும் பொருள் ஒன்றைக் கண்டறிந்துவிட்டதாகச் சொன்னார். அவ்வாண்டு நவம்பரில் அதைப் பற்றிய அறிக்கை வெளியாயிற்று. அப்பொருள் இன்னதென்று அவர் வெளியிடவில்லை. ஆயினும் நோயாளிகள் பல நாடுகளிலிருந்து பெர்லினுக்கு விரைந்தனர். விடுதிகள் நிரம்பின. கோக்கின் பெயரே அவர்களுக்குப் போதிய சான்றாக இருந்தது.

அது குணப்படுத்தவில்லை. சிலருக்கு நோய் முற்றியது, சிலர் இறந்தனர். இறந்தோரின் உடல்களை ஆய்ந்த விர்ச்சோவ் என்னும் பேரறிஞர், அம்மருந்து செலுத்தப்பட்டவர்களின் உடலில் நோய் அடங்கவில்லை என்று காட்டினார். 1891 ஜனவரியில்தான் அப்பொருள் காசநோய்க் கிருமிகளிலிருந்து கிளிசரின் கொண்டு எடுக்கப்பட்ட சாறு என்பதைக் கோக் வெளியிட்டார். டியூபர்குலின் எனப்படும் அது மருந்தாகத் தோற்றது; எனினும் பின்னர் காசநோய்த் தொற்றை அறியும் தோல் சோதனையாகப் பயன்பட்டது.

கிருமியை உடலுக்கு வெளியே கொல்வது ஒன்று. நோயாளியின் நுரையீரலுக்குள் கொல்வது முற்றிலும் வேறு. முன்னதை வெயில் செய்யும். பின்னதை வெயிலும் செய்யாது. தக்க சோதனைக்கு உட்படாத எப்பொருளும் செய்யும் என நம்பலாகாது. மிகச் சிறந்த அறிஞர் ஒருவரே இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவைக் குறைத்து மதிப்பிட்டார். அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் நோயாளிகள்.

ஹாம்பர்க்: ஒரு துறைமுக நகரின் நீர்

1892-இல் ஹாம்பர்க் துறைமுக நகரில் காலரா புகுந்தது. 8,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எல்பே ஆற்றின் நீரை அந்நகரம் வடிகட்டாமலே மக்களுக்கு வழங்கி வந்தது. அதையொட்டிய அல்டோனா நகரமும் அதே ஆற்றிலிருந்து, அதுவும் ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பின்னர், நீர் எடுத்தது. ஆனால் மணற்படுகையில் வடிகட்டி வழங்கியது. அங்கு நோய் மிகக் குறைவாகவே இருந்தது. தெருவின் ஒருபுறம் ஒரு நகரம், மறுபுறம் மற்றொரு நகரம் என்று இருந்த இடங்களிலும் இவ்வேறுபாடு தெரிந்தது. இதை ஆராய்ந்து தூய நீரின் இன்றியமையாமையைக் கோக் நிலைநாட்டினார்.

வெயிலால் குடிநீரைத் தூய்மையாக்கும் முறையும் பின்னாளில் உருவாயிற்று. 2 லிட்டருக்கு மேற்படாத, நிறமற்ற, கீறலற்ற பெட் புட்டியில் தெளிந்த நீரை நிரப்பி, முழு வெயிலில் 6 மணி நேரம் கிடைமட்டமாக வைக்க வேண்டும். வானத்தில் பாதிக்கு மேல் மேகம் இருப்பின் தொடர்ந்து 2 நாள்கள் வைக்க வேண்டும். மழை நாளில் இம்முறை உதவாது. நீர் நிரம்பிய புட்டியைச் செய்தித்தாளின் தலைப்பு எழுத்துகள் மேல் நிறுத்தி, வாய்ப்பகுதி வழியே கீழ்நோக்கிப் பாருங்கள். எழுத்துகளைப் படிக்க இயலாவிடில் நீர் கலங்கல் மிக்கது. வெயில் அதனுள் போதிய அளவு புகாது.

இம்முறை கிருமிகளை மட்டுமே குறைக்கும். எண்ணெய், உலோகம், சாம்பல், உப்பு ஆகியவற்றை நீக்காது. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். அத்தகைய மாசு கலந்த நீரை எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் குடிக்கத் தகுதியாகாது. கொதிக்க வைத்தாலும் ஆகாது. கிருமி ஐயம் மட்டுமே உள்ள நீராயின், அடுப்பு இருக்கும் வீட்டில், குறிப்பாக நோயாளிக்கும் குழந்தைக்கும், நன்கு கொதிக்க வைத்து ஆறிய நீரே பாதுகாப்பானது.

வெயிலில் வைத்த நீரோ, எண்ணெயோ, துணியோ ஒளியைச் சேமித்து வைத்துப் பின்னர் கிருமியைக் கொல்வதில்லை. நிறப் புட்டியில் வைத்த நீர் மருந்தாகிவிடும் என்பதற்கும் நம்பத்தகுந்த சான்று இல்லை. தூய்மையாக்கிய நீரில் அழுக்குக் கை பட்டால் அது மீண்டும் மாசுபடும். டைட்டானியம் டை ஆக்சைடு பூசப்பட்ட சில ஓடுகளும் துணிகளும் ஒளி படும்போது கிருமிகளைத் தாக்கும் என்பது உண்மையே. ஆயினும் அவ்விளைவு போதிய ஒளி படும் வரையில், அப்பரப்பில் மட்டுமே நிகழும். இருட்டறையில் அவற்றால் பயன் சிறிதே. புற ஊதா விளக்குகள் கண்ணையும் தோலையும் புண்படுத்தக்கூடியவை. வீட்டில் நீங்களாக அவற்றைப் பயன்படுத்த வேண்டாம்.

கோக்கின் இறுதி ஆண்டுகளும் சென்னை தந்த விடையும்

டியூபர்குலின் தோல்விக்குப் பின்னும் கோக் ஓயவில்லை. 1897-இல் பிளேக் நோயை ஆராயப் பம்பாய்க்கு வந்தார். ஆப்பிரிக்காவில் நெடுங்காலம் பணியாற்றினார். காசநோய் ஆய்வுக்காக 1905-இல் நோபல் பரிசு பெற்றார். 1910 மே 27 அன்று பாடன்-பாடன் நகரில் இதய நோயால் காலமானார். அவருடைய அஸ்தி, அவர் தலைமை தாங்கிய பெர்லின் ஆய்வு நிறுவனத்தில் வைக்கப்பட்டுள்ளது.

அவர் தேடிய மருந்து அவர் காலத்தில் கிட்டவில்லை. வேறு வழியின்றி, வெயிலும் தூய காற்றும் நல்லுணவும் ஓய்வும் தரும் காசநோய் இல்லங்களை உலகெங்கும் நிறுவினர். 1928-இல் மருத்துவர் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கியதும் அத்தகையதே. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952-இல் ஐசோனியசிடும் வந்த பின்னரே கிருமியை உடலுக்குள் வெல்ல முடிந்தது.

அப்போது ஒரு வினா எழுந்தது. மருந்து இருக்குமாயின், வெயிலும் காற்றும் நிறைந்த இல்லத்துக்கு நோயாளி செல்லத்தான் வேண்டுமா? 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் இதை ஆராய்ந்தது. நகரின் எளிய குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் காசநோய் இல்லத்திலும், மற்றொரு பிரிவினர் நெருக்கமான தம் வீடுகளிலும் ஓராண்டு காலம் அதே மருந்துகளை உட்கொண்டனர். 1959-இல் வெளியான முடிவு உலகை வியக்கச் செய்தது. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினர். வீட்டில் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் தீங்கு நேரவில்லை. குணம் தந்தது இடமன்று; தவறாது உட்கொண்ட மருந்தே.

உங்கள் இல்லத்தில் செய்ய வேண்டியவை

கோக்கின் காலத்தில், உலர்ந்த கோழை கலந்த தூசியே காசநோயைப் பரப்புவதாகக் கருதினர். இன்று நாம் அறிந்தது வேறு. சிகிச்சை தொடங்காத நுரையீரல் காசநோயாளி இருமும்போது வெளிப்பட்டுக் காற்றில் மிதக்கும் நுண்துளிகளே நோயைப் பரப்புகின்றன. தட்டும் குவளையும் துணியும் படுக்கையும் பரப்புவதில்லை. ஆகவே நோயாளியின் தட்டைப் பிரித்து அவர் மனத்தைப் புண்படுத்த வேண்டியதில்லை. வழக்கம்போல் கழுவினால் போதும். வழக்கம்போல் துவைத்து உலர்த்தினால் போதும்.

- நோயாளியின் அறையில் சன்னலும் கதவும் திறந்திருக்கட்டும். எதிரெதிர்த் திறப்புகள் இருந்தால் காற்று நன்கு வெளியேறும்.
- இருமும்போது வாயைத் துணியாலோ முகக்கவசத்தாலோ மூடச் சொல்லுங்கள். கோழையை மூடியுள்ள கலத்தில் சேர்த்து, சுகாதாரப் பணியாளர் கூறும் முறையில் அகற்றுங்கள்.
- மருந்தை ஒரு நாளும் தவற விடாதீர்கள். சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சை பொதுவாக 6 மாதம். இருமல் நின்றுவிட்டது என்பதற்காக நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத காசநோய் உருவாகலாம்.
- மாத்திரைகளை வெயிலில் வைக்காதீர்கள். வெயிலும் ஈரமும் அவற்றின் வீரியத்தைக் குறைக்கும்.
- வீட்டில் உள்ள அனைவரும், சிறப்பாகக் குழந்தைகளும் முதியோரும், பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

2 வாரங்களுக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு, இரவில் வியர்வை, கோழையில் இரத்தம் ஆகியவற்றுள் எது இருப்பினும், அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு ஸ்டான்லி மருத்துவமனைக்கோ செல்லுங்கள். பரிசோதனையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கும். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஐயங்களுக்கு 104 என்னும் எண்ணை அழைக்கலாம்.

பாயையும் போர்வையையும் வெயிலில் உலர்த்துங்கள். அது நல்ல வழக்கம். ஆனால் மாடியிலிருந்து இறங்கி வந்ததும், நோயாளி இன்றைய மாத்திரையை உட்கொண்டாரா என்று கேட்க மறவாதீர்கள்.